உறவினர் அல்லாத ஒருவர்

உறை திறக்கவே மாட்டேன் என்றது.

துறைத்தலைவி மேடம் முதலில் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு பேனா மூடியின் கிளிப்பை இடுக்கில் நுழைத்தார். கிளிப் வளைந்தது. பக்கத்தில் இருந்த இளம் பேராசிரியர், "இப்படிக் குடுங்க மேடம்" என்று வீரமாக வாங்கி, பிளாஸ்டிக் ஸ்கேலால் நெம்பினார். 'டப்' என்று ஒரு சத்தம். உடைந்தது ஸ்கேல்.

"இதுல என்னம்மா தடவியிருக்கீங்க?"

"தெரியாது மேடம். நான் தொடவே இல்ல."

தொடவில்லை என்பது உண்மை. தெரியாது என்பது பொய். அந்த வாடை எனக்கு நன்றாகத் தெரியும். கடப்பாக்கம் கரையில், கவிழ்த்துப் போட்ட படகுகளின் நடுவே நடந்தால் மூக்கில் ஏறுகிற வாடை அது.

எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி முதுகலைப் படிப்புக்கான நேர்காணல் அது. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்கள். ஒரு பெண் அன்பாக நகர்ந்து இடம் கொடுத்து, "ஆன்ட்டி, உங்க பொண்ணு உள்ள போயிருக்காளா?" என்று கேட்டிருந்தாள். அந்த எரிச்சல் அடங்குவதற்குள் இந்த உறை.

கடைசியில் அட்டெண்டர் அண்ணன்தான் வந்து காப்பாற்றினார். உறையை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். "மேடம், மேல்பக்கம்தான் கல்லு மாதிரி கீது. அடிப்பக்கம் வெறும் பேப்பர்தான்" என்று கத்தரிக்கோலால் ஒரே வெட்டு.

மேடம் உள்ளிருந்த தாளை எடுத்துப் படித்தார். ஒரு இடத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"பரசுராமன் உங்களுக்கு என்ன வேணும்?"

முப்பது வருடமாகச் சொல்லிப் பழகிய வாய். யோசிக்கவே இல்லை.

"மாமா, மேடம்."

அவர் தாளை மேஜையில் வைத்துவிட்டார்.

எழுந்து போகிற வேலை

போன வாரம் என் பஸ் பயணங்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "வயசான காலத்தில் எதற்கு மறுபடி படிப்பு?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். முப்பத்தாறு என்ன வயசான காலமா என்று சண்டைக்குப் போக நினைத்தேன். பிறகு, கேட்டவர் காரணம் தெரியாமல்தானே கேட்கிறார் என்று மனதை ஆற்றிக்கொண்டேன். காரணம் இதுதான்.

அப்போது நான் செங்கல்பட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பதிவுக் கவுன்ட்டரில் ஒப்பந்த ஊழியர். பெயர், வயது, ஊர், என்ன தொந்தரவு என்று கேட்டு, கம்ப்யூட்டரில் அடித்து, சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். காலையில் மாமல்லபுரத்தில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தால், மத்தியானம் வரை கழுத்தைத் திருப்ப முடியாது.

சீட்டு வாங்கிய எல்லோரும் அடுத்து ஒன்று கேட்பார்கள். "இத்த எடுத்துக்கினு எங்கம்மா போவணும்?"

"நேரா போய் லெஃப்ட், மாடி ஏறி ரைட்" என்று ஒரு நாளைக்கு இருநூறு முறை சொல்லுவேன். சொல்லிச் சொல்லி, வீட்டில் என் கணவர் சேகர் உப்பு எங்கே என்று கேட்டாலும் அதே ராகத்தில் பதில் வந்தது.

ஒருநாள், வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி மூன்றாவது முறையாக என் ஜன்னலுக்கே திரும்பி வந்தார். கையில் அதே சீட்டு. "இந்த லெஃப்ட்டு லெஃப்ட்டுன்னு சொல்றியேம்மா, அது எந்தப் பக்கம்?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

நான் ஜன்னலைச் சாத்திவிட்டு எழுந்தேன். அவர்களை ஸ்கேன் அறை வரை கூட்டிப் போய் உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்தால், கவுன்ட்டர் முன்னால் ஒரு மாநாடே கூடிக் கத்திக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"மேகலா, இது உக்காந்து பாக்குற வேலை. எழுந்து போறதுக்கு வேற ஆளு இருக்காங்க."

"யாரு சார்?"

"மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர். அதுக்கு எம்.எஸ்.டபிள்யூ. படிச்சிருக்கணும்."

அவர் என்னை உட்கார வைப்பதற்காகச் சொன்னார். எனக்கோ யாரோ விலாசம் எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. எழுந்து போவதையே ஒரு வேலையாக வைத்திருக்கிறார்களா! அன்று சாயங்காலமே மாலை வகுப்பு எங்கே இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன். செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் போய்வரும் தூரத்தில் ஒரு கல்லூரி இருந்தது.

இரண்டு தோல்விகள், ஒரு சபதம்

முதல் வருடம் விண்ணப்பத்தை ஆன்லைனில் ஐந்து நாள் உட்கார்ந்து நிரப்பினேன். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று முன்னோட்டத்தில் நாலு முறை பார்த்தேன். பார்த்த திருப்தியில் லேப்டாப்பை மூடிவிட்டேன். கடைசியாக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்பது, நேர்காணல் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

இரண்டாம் வருடம் பொத்தானை அழுத்தினேன். இந்த முறை வேறொரு சிக்கல். மூன்று பேரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும்: பாடம் நடத்திய ஆசிரியர், வேலை பார்க்கும் இடத்தில் மேலதிகாரி, அப்புறம் 'விண்ணப்பதாரரின் சமூகச் செயல்பாட்டை நேரில் அறிந்த, உறவினர் அல்லாத ஒருவர்'. மூன்றாவது கடிதத்தைச் சேகரின் பெரியப்பாவிடம் வாங்கினேன். அவர் மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் வைத்திருக்கிறார், நாலு பேருக்குத் தெரிந்தவர். கணவருக்குத்தானே பெரியப்பா, எனக்கு இல்லையே என்று ஒரு வக்கீல் மூளை வேலை செய்தது. இதே துறைத்தலைவி மேடம், "உறவினர் கடிதம் செல்லாதும்மா" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மாமியார், நாத்தனார் எல்லோர் எதிரிலும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அடுத்த வருஷம் ஒரே ஒரு தடவ. அதுலயும் கெடைக்கலன்னா, எம்.எஸ்.டபிள்யூ.ன்னு இந்த வீட்டுல நான் வாயே தெறக்க மாட்டேன்" என்றேன்.

"இரு, இரு. இன்னொரு தடவ சொல்லு" என்று சேகர் போனை எடுத்து அதைப் பதிவு செய்து குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். முப்பத்தொரு பேர் கேட்டார்கள். அத்தனை பேரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

சேகர் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். மனுஷர் நல்லவர்தான், கொஞ்சம் விளம்பரப் பிரியர்.

மிஷின் நிற்கும் நேரம்

விண்ணப்பத்தோடு, 'சமூகப் பணியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்று ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். எங்கள் வீட்டை ஒட்டினாற்போல் ஒரு கல் பட்டறை. உளியெல்லாம் கடைசி வேலைக்குத்தான். மற்றபடி நாள் முழுக்கக் கல்லறுக்கும் மிஷின்தான் கத்தும். அது கத்தும்போது எனக்கு ஒரு வாக்கியமும் வராது. கரண்ட் போனால் மிஷின் நிற்கும், கூடவே வைஃபையும் நிற்கும். எனவே பட்டறைக்காரர்கள் காலை நாஸ்தாவுக்குப் போகும் அரைமணி நேரம்தான் என் இலக்கிய நேரம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படி எழுதி முடித்த கட்டுரையின் மேல் நைசான கல் தூசி படிந்திருந்தது. ஊதிவிட்டுச் சேகரிடம் படிக்கக் கொடுத்தேன்.

"இன்னாம்மே, இவ்ளோ நோக்கம் வச்சிகினா எங்கூட வூட்டுல சும்மா உக்காந்துகினு இருந்த?" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கட்டுரையின் பெரும்பகுதி ஒரே சம்பவம்தான். ஒரு புயலுக்குப் பிறகு கடப்பாக்கத்தில் ஒரு தெருவுக்கே நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போனது. நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், வலைக் குவியலின் மேல் உட்கார்ந்து, வீடு வீடாக மனு எழுதினேன். எழுதியது பெரிய காரியமில்லை. எழுதிய பிறகு விசாரிக்க ஆள் வருவார்கள். அப்போது ஆளுக்கு ஒன்றாகச் சொன்னால் பெயரை அடித்துவிடுவார்கள். "உள்ளத உள்ளபடி சொல்லுங்க. ஆனா எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுங்க. நிவாரணக் கார்டு கைக்கு வர்ற வரைக்கும் அசந்துடாதீங்க" என்று தெரு முழுக்கச் சொல்லிப் பழக்கினேன்.

இருந்தும் ஒரு வீட்டின் பெயர் அடிபட்டது. அண்ணனும் தம்பியும் தனித்தனிக் குடித்தனம் என்று சொல்லியிருந்தார்கள், உண்மையும் அதுதான். விசாரிக்க வந்தவர் எதிரிலேயே அண்ணி, தம்பிக்கும் சேர்த்து ஒரே பானையிலிருந்து சோறு போட்டுவிட்டாள். ஒரே அடுப்பு, ஒரே குடும்பம் என்று அவர் பெயரை அடித்துவிட்டார். தெரு அந்தப் பானையை மறக்கவே இல்லை.

இதையெல்லாம் நேரில் பார்த்தவர், கடிதம் கொடுக்கத் தகுதியுள்ளவர், அங்கே ஒருவர்தான். படகுச் சங்கத் தலைவர் பரசுராமன். என் பரசு மாமா.

ஒரு மடி தேவை

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நாங்கள் செய்யூர் பக்கத்து உள்நாட்டுக் கிராமம், விவசாயக் குடும்பம். அப்பா மட்டும் ஏர் பிடிக்காமல் ஐஸ் வண்டி ஓட்டினார். தினமும் கடப்பாக்கத்துக்குப் பனிக்கட்டி கொண்டுபோவார். அம்மாவுக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை. எனக்கு ஆறு வயதாகியும் காது குத்தாமல் இழுத்துக்கொண்டே போனதற்கு அதுதான் காரணம். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவது எப்படி?

அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் அப்பா ஒருநாள் கரையில் ஐஸ் இறக்கும்போது, பக்கத்தில் நின்றவரிடம் சொன்னாராம்: "பரசு, வெள்ளிக்கெழம எனுக்கு ஒரு மடி தேவைப்படுது."

"இன்னாத்துக்கு அண்ணாத்த?"

"காது குத்த."

"அதுக்கின்னா, எடுத்துக்கோ" என்றாராம் அவர்.

வெள்ளிக்கிழமை காலை, பட்டுப்பாவாடை, வளையல், வெற்றிலை பாக்கு, பழத்தட்டு எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பக்கத்தில் அவர் மனைவி அலமேலு அத்தை. மாமா குளித்துவிட்டுத்தான் வந்திருந்தார், ஆனாலும் உப்பு வாடை போகவில்லை. கம்பி உள்ளே போனபோது நான் அவருடைய இடது கையைக் கடித்தேன். ஆசாரி இரண்டாவது காதுக்கு வந்தபோது, அதே இடத்தில் மறுபடி கடித்தேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை.

ஊரில் இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். கடல்காரர் எப்படி நமக்கு மாமன் முறை ஆவார் என்று. பிறகு நான் பெரிய மனுஷியானபோது அவர் சீர் கொண்டுவந்தார். கல்யாணத்துக்கு மாலை எடுத்துக் கொடுத்தார். முணுமுணுத்தவர்களே பந்தியில் அவரை முதல் வரிசையில் உட்காரவைத்து, "மாமன் எலைக்கு மொதல்ல போடு" என்றார்கள்.

அவருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை என்று சட்டப்படி நிரூபித்துவிடலாம். அதனால்தான் தைரியமாகப் போய்க் கடிதம் கேட்டேன். அவர் அதில் என்ன எழுதுவார் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை பாருங்கள், அங்கேதான் தவறினேன்.

தண்ணி இறங்காத உறை

படிவத்தைக் கொடுத்து, "ரகசியமா எழுதி, நல்லா ஒட்டி, முத்திரை வச்சிக் குடுக்கணும் மாமா. நான் பாக்கக் கூடாது" என்றேன்.

ரகசியம் என்ற சொல் அவருக்குப் பிடித்துவிட்டது. என்னை வீட்டிலிருந்தே வெளியேற்றினார். "தெருமொனைக்குப் போய் நில்லு. திரும்பிப் பாக்காத" என்றார். அத்தையைக்கூட அடுப்பங்கரைக்கு அனுப்பினார். ஒரு மணி நேரம் கழித்து, உறையைத் தாம்பூலம் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினார். வாய்ப்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தது. பைபர் படகில் ஓட்டை அடைக்கும் ரெசின்.

"மாமா! இன்னா பண்ணி வச்சிக்கிற?"

"நல்லா ஒட்டுன்னு நீதான சொன்ன? கடல்ல தூக்கிப் போட்டாலும் உள்ள தண்ணி எறங்காது. எவன் தெறக்குறான்னு பாக்குறன்."

மேலே சங்க முத்திரையை வேறு அழுத்தியிருந்தார். மூன்று முறை.

ஸ்பீக்கரில் மாமா

இப்போது மறுபடி நேர்காணல் அறைக்கு வருவோம். 'விண்ணப்பதாரரை எந்த வகையில் அறிவீர்கள்?' என்ற கட்டத்தில், மாமா கொட்டை எழுத்தில் 'தாய்மாமன்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்.

"போன வருஷமும் இதே தப்பு பண்ணீங்க" என்றார் மேடம்.

மடி, சீர், ஐஸ் வண்டி என்று நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் பொறுமையாகக் கேட்டார்.

"சொந்தம்னா இந்தக் கடிதம் செல்லாது. சொந்தம் இல்லன்னா, அவர் எழுதியிருக்கறது பொய். பொய் எழுதினவர் கடிதத்த நான் எப்படி எடுத்துக்கறது?"

குடும்பக் குழுவின் முப்பத்தொரு கட்டைவிரல்களும் கண்ணில் தெரிந்தன.

"படிவத்துல அவர் நம்பர் இருக்கு மேடம்" என்றார் இளம் பேராசிரியர்.

மேடம் போனை எடுத்தார். "நீங்க நடுவுல ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்று என்னிடம் விரல் காட்டிவிட்டு ஸ்பீக்கரில் போட்டார். பின்னணியில் படகு எஞ்சின் ஒன்று இருமிக்கொண்டிருந்தது.

"மேகலாங்கறவங்களுக்கு நீங்க ஒரு கடிதம் குடுத்திருக்கீங்க..."

"குடுத்தன். தெறந்திச்சா?"

"தெறந்துடுச்சு."

"எப்டி? அது தெறக்காதே!"

"அடிப்பக்கமா வெட்டினோம்."

"அட," என்று மாமா நிஜமாகவே வருத்தப்பட்டார். "அடில பூசாம வுட்டுட்டன் பாரு."

அட்டெண்டர் அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதுல தாய்மாமன்னு எழுதியிருக்கீங்களே?"

"பின்ன? எம்மடில வச்சித்தாம்மா காது குத்துனது. எடது கையில அவ கடிச்ச பல்லுத் தடம் இன்னும் அப்டியே கீது. போட்டோ புடிச்சி அனுப்பட்டா?"

"ரத்த சம்பந்தமான உறவாங்க?" என்று இளம் பேராசிரியர் குறுக்கிட்டார்.

"ரத்தமே வந்திச்சி சார்."

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு குரலைத் தணித்து, "ஐயா, உறவினர் கடிதம் குடுக்கக் கூடாதுங்கறது எங்க விதி. நீங்க சொந்தம்னு சொன்னா இவங்களுக்கு இந்த வருஷம் இடம் கெடைக்காது. அதான் கேக்கறேன்" என்றார்.

எஞ்சின் சத்தம் நின்றது. அவர் யாரையோ நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.

"மேகலா அங்க கீறாளா?"

"இருக்காங்க. பேச மாட்டாங்க."

பிறகு அவர் பேசியது மனு வாசிக்கும் குரல். நான் புயல் சமயத்தில் தெருவுக்கே பழக்கிய அதே குரல்.

"எழுதிக்கோங்கம்மா. அந்தப் பொண்ணு எனுக்கு யாரும் இல்ல. அவங்க உள்நாட்டு விவசாய ஜனம், நாங்க கடல் ஜனம். பொண்ணு குடுத்ததும் இல்ல, எடுத்ததும் இல்ல. வாய் வார்த்தைக்கு மாமான்னு கூப்பிடும், அவ்ளோதான். எங்க தெரு பேரு வுட்டுப்போனப்ப மூணு வாரம் வந்து மனு எழுதிக் குடுத்திச்சி. அத நான் கண்ணால பாத்தன். அது மட்டும் சத்தியம். வச்சிடட்டா?"

வைத்துவிட்டார்.

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அவர் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று ஐந்து நிமிடமாக நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். ஆனால் 'எனுக்கு யாரும் இல்ல' என்று காதில் விழுந்ததும் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்காக ஒரு மனுஷரை அப்படிச் சொல்ல வைத்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. பட்டிக்காட்டுத்தனமாக, பேனலுக்கு எதிரிலேயே அழுதேன்.

மேடம் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். கடிதத்தின் ஓரத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்திட்டார். "பட்டியல் ரெண்டு வாரத்துல வரும். போகலாம்" என்றார்.

சமூகப் பணிக்கு ஏழு விளக்கங்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை.

யாரும்மா நீங்க?

அந்த ஞாயிற்றுக்கிழமையே கடப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். மாமா காலைப் பிடித்தாவது சமாதானம் செய்ய வேண்டும் என்று நினைப்பு.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடைக்காரர் வழக்கம்போல் "இன்னா மேகலா, நைனா எப்டி கீறாரு?" என்று கேட்பார் என்று பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு பாய்லரைப் பார்த்தார். "யாரும்மா நீங்க? டீ வேணுமா?" என்றார்.

தெருவில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரும் தலை தூக்கவில்லை. நான் மனு எழுதிக் கொடுத்த அதே ஆட்கள்! ஊரே கோபித்துக்கொண்டதா?

அலமேலு அத்தை வாசலில் நின்றிருந்தாள். "யாரப் பாக்கணும்? மூஞ்சி ஏன் இப்டி வாடிக் கீது?" என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டு, "கீதுங்க?" என்று திருத்தினாள்.

மாமா சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வீட்டில் அவரைச் சட்டையோடு நான் பார்த்ததே இல்லை.

"வாங்கம்மா. உக்காருங்க."

எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். ஆபீசர்கள் வந்தால் மட்டும் வெளியே வரும் சிவப்பு நாற்காலி. உள்ளேயிருந்து சுறாப்புட்டு வாசனை தெருவையே தூக்கிக்கொண்டு போகிறது, எனக்கு ஒரு பாட்டில் கூல்டிரிங் வருகிறது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தவள் நான்.

"மாமா, என் மேல கோவமா?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கூல்டிரிங்கைத் திறக்கிற சாக்கில் குனிந்தார்.

"மாமான்னு கூப்டாத... கூப்டாதீங்க. லிஸ்ட்டு போடறதுக்கு முன்ன ஆளு வந்து விசாரிப்பாங்க இல்ல? நீதான... நீங்கதான சொன்னீங்க, எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும்னு? தெரு பூரா சொல்லி வச்சிட்டன். உங்களுக்கும் எங்களுக்கும் ஒண்ணும் கெடையாது."

"காலேஜ்ல அப்டி யாரும் விசாரிக்க வர மாட்டாங்க மாமா!"

"அப்ப கூட இப்டித்தான் சொன்னானுங்க. ஒரு பானை சோத்துல பேரே பூட்ச்சி. கார்டு கைக்கு வரட்டும், அப்பறம் பேசலாம்."

நான் கற்றுக்கொடுத்த பாடம் இவ்வளவு நன்றாக ஏறியிருக்கும் என்று நினைக்கவில்லை. கூல்டிரிங்கைக் குடித்துவிட்டு, எதிர் பஸ் பிடித்து, ஈசிஆர் ரோடு முழுக்கச் சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் பசியோடு வீடு வந்து சேர்ந்தேன்.

கார்டின் பின்பக்கம்

பட்டியலில் என் பெயர் இருந்தது. சேகர் அதைக் குடும்பக் குழுவில் போட்டு, கீழே என் சபதத்தின் ஒலிப்பதிவையும் மறுபடி போட்டார். மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"வாழ்த்துகள் அம்மா" என்றார், பஞ்சாயத்து மேடைக் குரலில். "லிஸ்ட்டுல வந்த பேரையே அடிச்சிருக்காங்க. கார்டு வரட்டும்."

சேர்க்கை நாளன்று அடையாள அட்டைக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், ரத்த வகை, முகவரி. கடைசியில், 'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டிய உறவினர்: பெயர், உறவுமுறை, கைப்பேசி எண்'.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன். மாமாவைப் போலவே கொட்டை எழுத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

படிவத்தில் துறைத்தலைவி கையெழுத்திட வேண்டும். மேடம் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்து கடைசி வரியில் நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"இந்தக் கட்டத்துல உறவினர்தான் இருக்கணும்" என்றார்.

"ஆமாம் மேடம்."

கிளிப் வளைந்த அதே பேனாவால் கையெழுத்திட்டு நீட்டினார்.

நாலு நாளில் அட்டை வந்தது. சேகர்தான் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "அவசரம்னா என்னைக் கூப்பிட மாட்டியா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "நீங்க வண்டி ஓட்றப்ப போன் எடுக்கக் கூடாதுங்க" என்றேன்.

செங்கல்பட்டு ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது அட்டையைப் படமெடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். உடனே குரல் பதிவாகப் பதில் வந்தது: "பின்பக்கத்தையும் அனுப்புங்க." விசாரணை கண்ட ஊர், பின்பக்கம் பார்க்காமல் விடுமா?

அனுப்பினேன். இரண்டு டிக்கும் நீலமாயின. ஒரு ரயில் வந்து போனது. நான் ஏறவில்லை.

போன் அடித்தது.

"இது மிஷின்ல அடிச்சதா, நீயா எழுதி ஒட்டுனதா?"

'நீ' வந்துவிட்டது.

"மிஷின்ல அடிச்சது மாமா. காலேஜ் சீலு கீது பாரு."

"அந்த மேடத்துக்குத் தெரியுமா?"

"அவங்கதான் கையெழுத்து போட்டாங்க."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போனிலிருந்து முகத்தைத் திருப்பி, தெருவுக்கே கேட்கும்படி ஒரு கத்துக் கத்தினார்.

"அலமேலு! அந்த செகப்பு சேரத் தூக்கி உள்ள போடு. மேகலா வர்றா!"